குலசேகரத்தின் பிரேரணை

குலசேகரம் காலமான செய்தி, கும்பிடும் கைகளின் படங்களுக்கு நடுவே என் கைப்பேசிக்கு வந்தது. அப்போது பரமட்டாவில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். வீடு வந்து சேருமுன் நமது சங்கச் செயலாளர் அழைத்துவிட்டார். சங்க மலருக்கு நான்தான் அஞ்சலி எழுத வேண்டுமாம். "அந்தக் கணக்காய்வாளர் பிரச்சினையை மட்டும் விட்டிடுங்கோ, அன்ரி. செத்த வீட்டில அது என்னத்துக்கு?" என்றார்.

அதை விட்டுவிட்டால் குலசேகரத்தைப் பற்றி எழுத என்ன மிஞ்சும்?

நமது சங்கத்தில் தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறோம். அவர்களுடைய கணக்கைச் சரிபார்ப்பவரை மட்டும் தலைவரே நியமிக்கிறார். குலசேகரத்துக்கு இது பொறுக்கவில்லை.

வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். அமெரிக்காவில், ஒஹாயோவிலுள்ள மகளிடம் போய்வந்தபோது மற்றவர்களைப் போல அருவிப் படங்களைக் கொண்டுவரவில்லை. பெற்றோல் பம்ப் ஒன்றில் ஒட்டியிருந்த சிறு தாளைப் படமெடுத்து வந்து காட்டினார். பம்ப் சரியாக அளக்கிறது என்பதற்கு, அங்குள்ள உள்ளூராட்சியான கவுண்டியின் கணக்காய்வாளர் தன் பெயரோடு கொடுத்த அத்தாட்சி அது.

"அந்த ஓடிற்றரைச் சனம் வோட் போட்டுத்தான் எடுக்குது, மிசிஸ் செல்லத்துரை. கவுண்டிக் காசு வெளியில போறதெண்டால் அவர் கையெழுத்து வைக்கவேணும். கவுண்டியை நடத்துற ஆக்களுக்கு அவரை வீட்டுக்கு அனுப்பேலாது. சனம்தான் அனுப்பலாம்" என்றார். தமக்குப் பேரப்பிள்ளை பிறந்ததைக்கூட அவர் இவ்வளவு பூரிப்போடு சொன்னதில்லை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குக் கேட்டு வருபவர் நன்றாகச் சிரிப்பார். நன்றாகக் கூட்டிக் கழிப்பாரா? எங்கள் கொன்வென்ற்றில் வகுப்புத் தலைவியைக்கூட அருட்சகோதரிகளே நியமித்தார்கள். கணக்கியல் படித்தவர்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று ஒரு விதி வைத்தால் முடிந்தது என்றார் அவர். அத்தோடு நிறுத்தவில்லை. என் கணவர் தலைவராக இருந்தபோது கணக்கைச் சரிபார்த்தவர் என் தங்கையின் கணவர். "உங்கட மனுசன் ஒரு சதமும் தொடாதவர். அது எனக்குத் தெரியும். ஆனா அதைச் சொல்லி ஒப்பம் வைச்சது அவற்ற சகலன். ஆர் நம்புவினம்?"

அன்று அவருக்கு நான் இரண்டாவது தேநீர் கொடுக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயிலில், பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரு பெண்கள் என் கணவர் காலத்துக் கணக்கைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. இறந்துபோன என் கணவரின் நேர்மைக்கு வெளியார் ஒருவரின் சொல்லைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் குலசேகரத்தை அழைத்து, கணக்காய்வாளரையும் அங்கத்தவர்களே தெரிவு செய்யவேண்டும் என்ற அவருடைய பிரேரணையை நான் வழிமொழிகிறேன் என்றேன்.

பொதுக்கூட்டத்தில் அதைக் கடைசி விடயமாக வைத்தார்கள். பாதிப் பேர் தட்டுகளோடு எழுந்துவிட்டார்கள். "இனிக் கொத்துரொட்டி போடுறவருக்கும் எலக்சன் கேப்பியளோ, குலம் அண்ணை?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

குலசேகரம் குரலை உயர்த்தவில்லை. "ரொட்டி சரியில்லாட்டி உங்களுக்கு முதல் வாயிலயே தெரிஞ்சிடும், தம்பி. கணக்குச் சரியில்லாட்டித் தெரியவே வராது."

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் தலைவர். அடுத்த வருடமும் அதையே சொன்னார். இந்த வருடக் கூட்டத்துக்கு முன் குலசேகரத்தின் இருதயம் நின்றுவிட்டது.

இறுதிக் கிரியையில் தலைவர் நெடுநேரம் பேசினார். சங்கத்தின் தூண் என்றார், நேர்மையாளர் என்றார். அந்த நேர்மையாளர் கேட்ட ஒன்றே ஒன்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளியே வந்து, இம்முறை பிரேரணை நிகழ்ச்சிநிரலில் இருக்கிறதா என்று செயலாளரைக் கேட்டேன். "முன்மொழிஞ்சவர் இல்லையெண்டால் பிரேரணையும் இல்லை, அன்ரி. சங்கத்தின்ர யாப்பு விதி அப்பிடி" என்றார். வேறெதற்கும் இவர்கள் யாப்பைத் திறந்து நான் கண்டதில்லை.

குலசேகரத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பிரேரணையைத்தான். ஒரு சொல்லும் மாற்றாமல், முன்மொழிபவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆகவே வழிமொழிய இப்போது ஆளில்லை. அவருடைய பெட்டிக்கு அருகில் நின்று அவரைப் புகழ்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர்.

ஒருவர் போதும்.