வீரையா கண் திறந்த படம்

தேயிலை பாக்டரியில் இலையைக் காய வைக்கும் டிரையருக்கு ஓர் அடுப்பு உண்டு. அதன் இரும்புக் கதவைத் திறந்தால் தள்ளி நிற்பவனுக்கே புருவம் கருகும். வீரையா அந்தக் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, எந்த மூலையில் விறகு குறைந்திருக்கிறது என்று நிதானமாக யோசித்து, அப்புறம்தான் கட்டையை வீசுவார். இமை அசையாது. அப்படிப்பட்ட மனிதர், சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார்.

இது நேற்று வந்த பழக்கமல்ல. இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வருவதற்கு முன்னால் குடும்பத்தையே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் அப்பா முறைக்கிறார், அம்மா பயப்படுகிறார், அண்ணன் மூக்கை நோண்டுகிறான், அம்மா இடுப்பில் வீரையா தூங்குகிறார். தூங்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். கல்யாணப் படத்திலும் அதே தூக்கம். ஆதார் எடுத்த பெண் மட்டும் விடாப்பிடியாகத் திறக்க வைத்தாள். அந்தப் படத்தைப் பார்த்த ரேஷன் கடைக்காரர், "இவரைப் போலீஸ் ஏதாவது தேடுதுங்களா?" என்று கனகமணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

கனகமணி வீரையாவின் மனைவி. கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் கொஞ்ச காலம் அசிஸ்டென்ட் மேனேஜர் பங்களாவில் வேலை பார்த்தாள். அந்த வீட்டம்மா மாற்றலாகிப் போகும்போது, "நல்லா வச்சுக்க" என்று ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அதற்குப் பெயரே சோப்பு டப்பாதான். பட்டனை அமுக்கினால் மூக்கை வெளியே நீட்டும். முதலில் ஒரு குட்டி வெளிச்சம் அடிக்கும். கொஞ்சம் யோசிக்கும். பிறகு பெரிய வெளிச்சம். கடைசியில் குருவி மாதிரி 'கீச்' என்று ஒரு சத்தம். அந்தக் கீச் கேட்டால்தான் படம் எடுத்ததாகக் கணக்கு. அதுவரை லயத்தில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். மாடு குறுக்கே வந்து நின்றாலும் சரி.

வீரையாவின் இமைக்குக் குட்டி வெளிச்சமே போதும். பெரிய வெளிச்சம் வந்து சேரும்போது கடையைச் சாத்தியிருப்பார். கீச் கேட்டதும் திறந்து, கனகமணியைப் பார்த்து, "எடுத்தாச்சா?" என்பார்.

"எடுத்தாச்சுங்க. எல்லாரும் இருக்கறாங்க, நீங்கதான் ஊட்ல இல்ல."

மகள் ரேணுகாவின் மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவிலிருந்து காலேஜ் கடைசி நாள் வரைக்கும் அந்த டப்பாதான் எடுத்தது. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று கனகமணி அதை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடு காட்டி வளர்த்தாள். பிறகு கைக்குக் கை போன் வந்தது. போனில் வெளிச்சமும் இல்லை, கீச்சும் இல்லை. ஆனால் வீரையாவின் இமை அதை நம்பவில்லை. எங்கிருந்தோ வெளிச்சம் வரப்போகிறது என்று காத்திருந்து, காத்திருந்து, தானாகவே மூடிக்கொள்ளும். முயற்சி செய்து திறந்து வைத்தால் ஆதார் முகம் வரும். இரண்டில் ஒன்று. நடுவே வேறு முகம் கிடையாது.

இதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, ரேணுகாவின் நிச்சயதார்த்தம் வரை.

மாப்பிள்ளை பாலு அருவங்காடு வெடிமருந்து பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். நிச்சயதார்த்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் போனதும் பாலுவின் அத்தை சுகுணா ரேணுகாவுக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்து ஊட்டிக் குளிர், காய்கறி விலை எல்லாம் பேசிவிட்டு, "ஏங்கண்ணு, உங்கப்பாவுக்குச் சாயங்காலமானா அந்தப் பழக்கம் ஏதாச்சும் இருக்குதா? எல்லாப் படத்துலயும் கண்ணு சொருகுன மாதிரியே இருக்காரே" என்றார்.

ரேணுகா அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னாள். கனகமணியும் சிரித்தாள். இருமல் டானிக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிற மனிதர் சிரிக்கவில்லை.

"கல்யாணப் படத்தப் பெருசா போட்டு, முன்னறையில வாசலுக்கு நேரா மாட்டறதாம் அவங்க வழக்கம்" என்று ரேணுகா இன்னொரு கட்டையையும் அடுப்பில் போட்டாள்.

அன்று சோறு பாதிதான் இறங்கியது. "வர்றவன் போறவனெல்லாம் பார்ப்பான்" என்றார் கனகமணியிடம். "அது கெடக்கட்டும். எம் புள்ள தெனம் அந்தச் சுவத்தப் பார்த்துத்தானே எந்திரிக்கணும்? அதுல நான் செத்துக் கெடந்த மாதிரியா தொங்கறது?"

கனகமணிக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை.

படம் எடுக்கக் குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சில்வஸ்டரைப் பேசினார்கள். அவன் அப்போதுதான் புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தான். பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் பையைப் பிரித்துக் காட்டினான். கறுப்பு நிறம், முன்னால் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். கனகமணி பக்கத்தில் சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். எருமைக்குப் பக்கத்தில் உண்ணிக் கொக்கு மாதிரி இருந்தது.

"இதுக்கு பிளாஷே வேண்டாங்கண்ணா" என்றான் சில்வஸ்டர். "இருட்டுலயும் எடுக்கும். சத்தமே வராது. கண் எங்கே இருக்குன்னு அதுவே தேடிப் புடிச்சுக்கும்."

"தெறந்திருந்தா புடிக்கும்" என்றார் வீரையா. "மூடியிருந்தா?"

சில்வஸ்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஒரு படம் எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. திரையில் வீரையா பேயைப் பார்த்தவர்போல் நின்றார். அடுத்ததில் மூடியிருந்தார். ஒரு நொடிக்குள் வரிசையாக இருபது எடுத்துப் பார்த்தான். பேய், பேய், பேய், தூக்கம், தூக்கம். அவ்வளவு விலை உயர்ந்த கேமராவை அவன் மெதுவாகப் பைக்குள் வைத்தான்.

"கல்யாணத்துக்குள்ள பழகிடுவேன் தம்பி" என்று வீரையாவே அவனுக்குத் தைரியம் சொன்னார்.

பழகினார். முகம் கழுவும்போது கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். பாக்டரியில் கூட வேலை செய்யும் முத்துவேல், "நான் பழக்கி விடறேன் மாமா" என்று, அவர் எதிர்பாராத நேரமெல்லாம் மூட்டைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தான். மூன்றாம் நாள் அவர் டார்ச்சைப் பிடுங்கி, "இனி அடிச்சா அடுப்புல போட்டுருவேன்" என்றார். எதைப் போடுவார் என்று சொல்லவில்லை. முத்துவேல் அதோடு நிறுத்திக்கொண்டான்.

கல்யாணம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலை ஒட்டிய ஹாலில். மழை விட்டு மூட்டம் இறங்கி, கதவைச் சாத்துவதற்குள் பாதி மூட்டம் பந்திக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம். ஒரு பக்கம் வீரையா, கனகமணி. நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும். மறுபக்கம் சுகுணா அத்தையும் அவர் ஆட்களும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சில்வஸ்டர் கேமராவைக் கண்ணில் வைத்தான். வெளிச்சம் இல்லை. சத்தம் இல்லை. இறக்கினான். ஒருவரும் அசையவில்லை.

"எடுத்தாச்சுங்க."

"எப்ப?" என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர்.

"இப்பத்தானுங்க, பதினஞ்சு எடுத்தேன்."

"எங்க எடுத்த? பிளாஷே அடிக்கல."

"கேமரா ஓடலையோ என்னமோ" என்று முத்துவேல் ஹால் முழுக்கக் கேட்கிற ரகசியமாகச் சொன்னான். "பாவம், பையன் வெளிய சொல்ல மாட்டேங்கறான்."

சில்வஸ்டர் மறுபடி எடுத்தான். லயத்து ஜனம் மறுபடி மூச்சைப் பிடித்தது. கீச் வரவேண்டுமே என்று காத்து நின்றதில் ஒரு சின்னக் குழந்தைக்கு விக்கல் வந்ததுதான் மிச்சம். வீரையா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். திறந்து, திறந்து, நீர் முட்டிக்கொண்டு வந்தது. எடுத்தானா, இன்னும் எடுக்கப்போகிறானா, ஒன்றும் தெரியவில்லை. அடுப்பாவது முன்னால் உறுமும். இது பூனை மாதிரி வந்து போகிறது.

ரேணுகா மேடையை விட்டு இறங்கி, பட்டுப்புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சில்வஸ்டரின் திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சில்வஸ்டரின் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான்.

"அம்மா, அந்தச் சோப்பு டப்பாவ எடுத்துட்டு இங்க வா."

கனகமணி கல்யாணத்திலும் அதை விட்டுவிட்டு வரவில்லை. ஸ்வெட்டருக்குள் சூடாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ச் சில்வஸ்டருக்குப் பக்கத்தில் நின்றாள். ரேணுகா திரும்ப மேடையேறித் தன் இடத்துக்குப் போனாள். அது மூக்கை நீட்டியதைப் பார்த்ததும் ஹாலில் பாதிப் பேர் நிம்மதியாகத் தலைமுடியைச் சரிசெய்தார்கள்.

வீரையா மட்டும் தலையைத் தொடவில்லை. அந்த டப்பாவிடம் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை. குட்டி வெளிச்சம். பெரிய வெளிச்சம். மூடிவிட்டார். எந்தப் படத்துக்காக இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்றாரோ அதுவும் போயிற்று.

கீச்.

முடிந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தோள் தானாக இறங்கியது. கண்ணைத் திறந்தார். எதிரே கனகமணி, டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். எத்தனையோ வருஷமாகச் சுழித்த அதே சுழிப்பு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க."

"வாங்கப்பா, தேத்தண்ணி குடிக்கலாம்" என்று ரேணுகா கையைப் பிடித்து இழுத்தாள். சில்வஸ்டர் கேமராவை இறக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து அடுத்த மாதம், மகள் புகுந்த வீட்டுக்கு முதல் தடவையாகப் போனார்கள். கையில் பேக்கரியில் வாங்கிய ஊட்டி வர்க்கிப் பொட்டலம். வாசலில் வீரையா செருப்பைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சட்டையே தைத்துவிடலாம். உள்ளே வந்தும் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்தார். மேசைக் காலைப் பார்த்தார். தரை நல்ல தரை என்றார்.

"அப்பா, மேல பாருங்க."

வாசலுக்கு நேராகச் சுவரில் பெரிய சட்டத்துக்குள் கல்யாணக் குடும்பப் படம்; அதன் ஓரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பேய் இல்லை, தூக்கம் இல்லை. அடுப்புப் புகையில் பழுப்பேறிய கண் இரண்டும் நன்றாகத் திறந்து, ஓரத்தில் சுருக்கம் விழுந்து, உள்ளே ஹால் விளக்குப் புள்ளியாக மின்னியது. இமை மயிரைக்கூட எண்ணலாம். அது தான்தான் என்று தெரிய வீரையாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எப்ப எடுத்தான்?"

"கீச்சுக்கு அப்புறம்" என்றாள் ரேணுகா. "அந்தச் சத்தம் கேட்டாத்தான் நீங்க நீங்களா ஆவீங்க. அது கேட்டதும் அமுக்குங்கண்ணான்னு சொன்னேன். அவுரு கேமராவுக்குத்தான் சத்தமே வராதே, உங்களுக்கெங்க தெரியும்?"

"அப்பனையே ஏமாத்தியிருக்க."

"ரெண்டு கேமராவும் சேர்ந்துதான் ஏமாத்துச்சு. நான் சும்மா நின்னேன்."

சுகுணா அத்தை காபியோடு வந்தார். ரேணுகா அவரிடம் பழைய படங்கள் மொத்தத்தையும், கப்பல் படம் உட்பட, காட்டியிருந்தாள் போலும். "நான் அன்னைக்கு ஏதோ கேட்டுப்புட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா" என்றார். "இப்ப வர்றவங்ககிட்டயெல்லாம் நானே சொல்றேன், இந்த மனுசன் ஒரே ஒரு படத்துலதான் முழிச்சிருக்காரு, வந்து பாருங்கன்னு."

வீரையாவால் படத்தை விட்டு நகர முடியவில்லை. சில்வஸ்டருக்கு ஒரு வர்க்கிப் பொட்டலம் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. படத்தில் கனகமணி இல்லை. இதில் மட்டுமா? தங்கள் கல்யாணப் படத்தை விட்டால், வீட்டில் இருக்கிற எந்தப் படத்திலும் இல்லை. இவர் கண் மூடியாவது எல்லாவற்றிலும் நின்றார். கப்பல் படத்தில் அவளுக்கு வேலையில்லை. மற்றதில் அவள் டப்பாவுக்குப் பின்னால் நின்றாள். இந்தப் படத்திலும் அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில், அவள் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

"அத எங்க வச்சிருக்க? குடு."

"எதுங்க?"

"சோப்பு டப்பாவ."

"ஏனுங்க, உங்களுக்கு அது அமுக்கத் தெரியுமா?" என்றாலும் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அவளை ஜன்னல் பக்கம் நிற்க வைத்தார். அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். டப்பா மூக்கை நீட்டியது. குட்டி வெளிச்சம். பெரிய வெளிச்சம். கீச்.

"ஐயோ அப்பா" என்று ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "படம் எடுக்கறவரு ஏன் கண்ண மூடறீங்க?"

படம் கோணலாக விழுந்திருந்தது. ஒரு மூலையை வீரையாவின் விரல் மறைத்திருந்தது. மீதி இடத்தில் கனகமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் நீர் வர.

அந்தப் படமும் இப்போது அந்தச் சுவரில் இருக்கிறது. பெரிய படத்துக்குப் பக்கத்தில், வீரையா பார்க்கிற பக்கமாக.