அறுபது அரைக்கால் சட்டையும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

தையல்காரனுக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் நாளைக்கே வேண்டும் என்பார்கள். துணியை மட்டும் இன்றைக்குத்தான் கொண்டுவருவார்கள். மிஷின் மிதிக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அன்று காங்கோவில், நம் ராணுவ மருத்துவமனைக் கூடாரத்தில் இருந்தவர்கள்: தையல் மிஷினோடு நான். போர்வையும் கட்டுத்துணியும் பார்த்துக்கொண்ட முசரவாக்கத்து ஏகாம்பரம். அயர்லாந்துப் படையின் கேப்டன் ஒருவர். அவரோடு வந்த, பைப் வாத்தியம் ஊதும் டெனிஸ். வெயிலில் மயங்கி விழுந்து கட்டிலில் கிடந்த அவர்களுடைய சிப்பாய்கள் மூன்று பேர். ஆக ஏழு பேர். அறுபதுகளின் தொடக்கம் அது. உலக நாடுகள் சேர்ந்து அனுப்பிய அமைதிப்படையில் அவர்களும் இருந்தார்கள், நாமும் இருந்தோம். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஐந்தாவது வரை படித்தவன். எனக்கு ஆங்கிலம் எல்லாம் ஏகாம்பரத்தின் வாய் வழியாகத்தான்.

கம்பளி

கேப்டனின் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமான கம்பளி. சட்டையும் கம்பளி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு துப்பாக்கி தூக்குவது போல. மூன்று பேர் ஏன் கட்டிலில் கிடக்கிறார்கள் என்று டாக்டரைக் கேட்கத் தேவையே இல்லை.

சனிக்கிழமை காலை அறுபது பேர் நாட்டின் உள்பகுதிக்குப் போகிறார்கள். காக்கித் துணி வந்துவிட்டது, தைக்க ஆள் இல்லை. அதற்குள் அறுபது அரைக்கால் சட்டை முடியாவிட்டால் இதே கம்பளியோடுதான் போக வேண்டும், இன்னும் எத்தனை பேர் விழுவார்களோ என்றார் கேப்டன். அன்று திங்கட்கிழமை. முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஏன் இந்த உடையோடு வந்தீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஏகாம்பரம் பதிலைக் கொண்டுவந்தான்:

"அவங்க ஊர்ல எந்நேரமும் மழையாம் மாஸ்டரே. கிளம்புன்னாங்களாம், இருந்ததைப் போட்டுக்கினு வந்துட்டாங்களாம்."

அளவு

அளவெடுக்க நிற்கச் சொன்னால், டேப்பைக் கண்டதும் ஒவ்வொருவனும் விறைத்துக்கொண்டான். வயிறு உள்ளே, மூச்சு உள்ளே. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி அப்படி. "மூச்சை விடச் சொல்லுப்பா" என்று ஏகாம்பரத்திடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவன் சொன்னால் விடுவார்கள், டேப் இடுப்பைத் தொட்டதும் மறுபடி பிடித்துக்கொள்வார்கள்.

முதல் பத்தைச் செவ்வாய் இரவுக்குள் முடித்துக் கொடுத்தேன். புதன் மாலை பத்தும் கவட்டையில் கிழிந்து திரும்பி வந்தன. நீளத் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் தவழும் பயிற்சியாம், காலையிலிருந்து அதுதானாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒட்டு வைத்துத் தைத்திருப்பேன். பத்தையும் பிரித்தேன். நிற்கும்போது சரியாக இருந்ததா இல்லையா என்று டெனிஸைக் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னதை ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"நிக்கறப்போ ஜோராத்தான் இருந்துதாம். அவங்கள எப்போ நிக்க விட்டாங்கன்னு கேக்கறாரு."

டெனிஸின் பாவாடை

வியாழக்கிழமை, இன்னும் இருபத்திரண்டு பாக்கி இருக்கும்போது, டெனிஸ் ஒரு பாவாடையைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். காவி நிறம், பின்பக்கம் நெருக்கமான கொசுவம். பைப் ஊதும்போது ஆண்கள் உடுத்துவது. ஓரம் பிரிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கால்சட்டைக்கே நேரமில்லாதபோது பாவாடையா? சண்டை நடக்கும் ஊரில் இது எதற்கு என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்கச் சொன்னேன். பதிலைச் சொல்லும்போது ஏகாம்பரத்தின் குரல் இறங்கிவிட்டது:

"யாராச்சும் செத்துட்டா, தூக்கிக்கினு போறப்போ இவருதான் முன்னாடி ஊதிக்கினு போவணுமாம். அன்னிக்கு இது கிழிஞ்சிருக்கக் கூடாதுன்றாரு."

சோப்பு

ஓரத்தை அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் செத்துட்டா என்ற அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் நம் வீடுகளில் யாரும் உடுத்துவதில்லை. வீட்டிலிருப்பவர்கள் வைத்துவிடுவார்கள். இந்த அறுபது பேருக்கும் வைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? சமையல் கூடாரத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் வாங்கிக் குழைத்து, ஒவ்வொரு இடுப்புப் பட்டியின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கேப்டன் பார்வையிட வந்தார். தையலில் ஒரு குறை சொல்லவில்லை. மஞ்சளைப் பார்த்தார். மருத்துவமனைக் கறை என்று நினைத்துக்கொண்டார். "துவைத்துக் கொண்டுவாருங்கள்" என்று தன் சிப்பாய்களுக்கு உத்தரவு. சோப்பு வேண்டாம், வெயிலில் போட்டால் தானே போய்விடும் என்று நான் ஏகாம்பரத்திடம் சொல்லி, அவன் அதை ஆங்கிலமாக்குவதற்குள் அறுபது பேரும் சோப்போடு உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற எதற்கும் அவர்களிடம் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அறுபது அரைக்கால் சட்டை, அறுபது ரத்தச் சிவப்புப் பொட்டு, எல்லாம் இடது இடுப்பில். ஒருவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். கேப்டன் என்னையே பார்த்தார். ஏகாம்பரம் என் காதோரம் வந்து சொன்னான்:

"இன்னா மாஸ்டரே, ஒரு குண்டும் வெடிக்காமலே அறுபது பேரையும் சுட்டுட்டீங்களே."

வெயில்

கூடாரக் கயிறு முழுக்க அரைக்கால் சட்டைகளைக் காயப்போட்டேன். மேகம் வந்தபோதெல்லாம் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் சிவப்பும் போனது, மஞ்சளும் போனது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கேப்டனும் பார்த்துத் தலையசைத்தார்.

கயிற்றில் ஒன்று குறைந்தது. டெனிஸ் தன்னுடையதை வெயிலில் போடவே இல்லை, ஈரத்தோடு பொட்டோடு பையில் வைத்துக்கொண்டுவிட்டார். இத்தனை பாடு பட்டும் ஒருவர் கறையோடு போனால் நாளைக்கு யார் பதில் சொல்வது? கொடுக்கச் சொல்லு என்றேன். ஏகாம்பரம் போய்விட்டு வெறுங்கையோடு வந்தான்:

"கிளம்பறப்போ அவங்கம்மா கோயில் தண்ணி தெளிச்சு அனுப்பினாங்களாம். இதுவும் அந்த மாதிரிதானே, இருக்கட்டும்ன்றாரு."

சனிக்கிழமை

விடிந்ததும் லாரி ஏற வந்தார்கள். அறுபது பேரும் கம்பளியில். ஏன் என்று ஏகாம்பரத்தை விட்டுக் கேட்டேன். போகும் இடம் ஏரியோரத்து மலை நாடாம், இரவில் குளிர் நடுக்குமாம். ராத்திரிதான் சொன்னார்களாம். ஐந்து நாள் மிதித்த என் முழங்கால் இரண்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. டெனிஸ் மட்டும் தன் பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினார். மற்றவர்கள் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். கேப்டன் கை குலுக்கிச் சொன்னது, ஏகாம்பரத்தின் தமிழில்:

"தையல்ல ஒரு குத்தமும் இல்லியாம். ஊருதான் மாறிப்போச்சாம்."

மாப்பிள்ளைச் சட்டை

இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். போன முகூர்த்தத்துக்கு ஒரு விவசாயி, மகனின் கல்யாணச் சட்டையை வாங்கிக்கொண்டு நேரே சத்திரத்துக்குப் போகிறேன், மஞ்சள் வைத்தே கொடு என்று நின்றார். நான் வைப்பதில்லை, வீட்டார் கையால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது:

"ஒரு சிட்டிகை மஞ்சளுக்கு இன்னாய்யா இவ்ளோ யோசனை? வெச்சுக் குடுத்தா உனக்கு இன்னா நஷ்டம்?"

நஷ்டம் ஒன்றுமில்லை: அன்று காங்கோவில் மஞ்சள் வைத்துத் தைத்தது அறுபது, பொட்டோடு போனது ஒன்று, யாரும் உடுத்தாமல் என்னிடமே மீந்தது ஐம்பத்தொன்பது.