வாடகைக்குப் போன தாய்க்கோழி

கோழிக்குஞ்சும் தீவனமும் விற்கிறவன் எலிக்காகப் பூனை வளர்க்க வேண்டும். பூனையை வளர்த்த பிறகு நிம்மதியை மறந்துவிட வேண்டும். குஞ்சையும் பூனையையும் ஒரே கூரைக்கடியில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெருமக்களே, நானும் உங்கள் கட்சிதான்.

கூண்டின் மேல் ஓர் ஊனுண்ணி

ஓசூர் பாகலூர் ரோட்டில் நானும் முனிராஜும் கூட்டாகக் கடை போட்ட புதிதில், தீவன மூட்டையை நாங்கள் மேலிருந்து திறப்போம், எலிகள் கீழிருந்து திறக்கும். முனிராஜ் ஒரு சாம்பல் பூனையைக் கொண்டுவந்தான். எலிகள் காலி. வேலை தீர்ந்த பூனை, குஞ்சுக் கூண்டின் மேல் ஏறிப் படுத்து உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. பூனை ஊனுண்ணி என்று விலங்கியல் சொல்கிறது. எங்கள் பூனை விலங்கியல் படித்திருக்காது என்று நம்பினேன்.

ஷிப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் பூனையைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது குஞ்சுக் கடையா, இல்ல இவருக்கு மெஸ்ஸா?"

வலைக்கண் பேருரை

அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். கோழிவலை என்று விற்கிறார்களே, அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். பூனையின் கை உள்ளே போவதைத் தடுக்காது. ஆகவே கண் சிறுத்த கம்பி வலை போடுங்கள், கூண்டையும் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், பூனைக்கு முதலில் சோறு வைத்துவிட்டுக் குஞ்சைத் திறந்து விடுங்கள். நடுவில் பூனைக் குடும்பத்தின் வரலாறும் கொஞ்சம் வரும். ஒருநாள் நான் சிங்கம்வரை வந்தபோது, எதிரே நின்றவர் குஞ்சு வாங்காமலே நழுவிவிட்டார்.

முனிராஜ் கன்னடக்காரன். என்னைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை ஏதும் கிடையாது, கன்னடத்தில் அது நம்ம 'மச்சி' மாதிரி.

"குரு, அவரு குஞ்சு வாங்க வந்தாரு. அட்மிஷனுக்கு வரல."

ஒரே ஒரு பாடம்

எங்களிடம் ஒரு சிறுவிடைக் கோழி இருந்தது. நாட்டுக்கோழியிலேயே குள்ள ஜாதி, கைக்குள் அடங்கும். அது குஞ்சு பொரித்ததும் வெயில் காயக் கடை வாசலில் விட்டோம். பூனை பதுங்கியது. பின்புறத்தை ஆட்டியது. நான் துடைப்பத்தைத் தேடி ஓடினேன். திரும்புவதற்குள் அந்தக் குள்ளக்கோழி இறகெல்லாம் சிலிர்த்து, இரண்டு மடங்காக உப்பி, பூனையின் முகத்திலேயே பாய்ந்தது! மூக்கில் கொத்து, காதில் கொத்து, இறக்கையால் இரண்டு அறை. பூனை மூட்டைகளின் உச்சிக்குப் போய்த்தான் மூச்சு விட்டது. அப்புறம் குஞ்சைக் கண்டாலே அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகும்.

ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த டிரைவர் வண்டியை நிறுத்தியே வேடிக்கை பார்த்தார்.

"சார், இதையெல்லாம் விக்காதீங்க. கம்பெனி கேட்ல நிறுத்துங்க, ஒரு பய உள்ள வர மாட்டான்."

சுல்தானின் கடைசி வாய்ப்பு

பின்தெருவில் துணி தைக்கும் நசீமா அக்கா ஒருநாள் கலங்கிய கண்ணோடு வந்தார். அவர் கணவர் காதர் பாய் எங்களிடம் வாங்கிப் போன குஞ்சுகளில் ஒன்றை, அக்காவின் செல்லப் பூனை சுல்தான் அடித்துவிட்டது. இன்னொரு குஞ்சு போனால் சுல்தானைச் சாக்கில் கட்டி அஞ்செட்டி பஸ்ஸில் ஏற்றிவிடப் போவதாக பாய் சொல்லிவிட்டாராம். காட்டு ஊர், போனால் போனதுதான்.

"அண்ணா, எனக்குப் பூனையும் வேணும், குஞ்சும் வேணும். உங்க கடையில அதுக்கு என்ன இருக்கு?"

இருந்தது. எங்கள் சிறுவிடையை அதன் குஞ்சுகளோடு வாடகைக்கு அனுப்பினோம். இருட்டும் நேரத்தில் அக்காவின் குஞ்சுகளையும் அதன் இறக்கைக்கடியில் நைசாகத் தள்ளிவிட்டேன். தாய்க்கோழி எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துக்கொண்டது.

காலையில் அவர்கள் வீட்டு முற்றத்தில் கூடினோம். முனிராஜ் தன் புதுக் கேமரா போனை உயர்த்திப் பிடித்தான். பாய் கையில் சாக்கு தயாராக இருந்தது. அக்கா சுல்தானைக் கீழே விட்டார். அது நேராகக் குஞ்சுகளை நோக்கி நகர்ந்தது. கோழி தவிடு பொறுக்கிக்கொண்டே இருந்தது. சுல்தான் பதுங்க, பாய் சாக்கை விரித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைக்க, கோழி தலையைத் தூக்கியது.

பாய்ந்தது! சுல்தானுக்கு மூக்கில் ஒன்று. அலறிய சுல்தான் பாயின் கால்களுக்கு நடுவே புகுந்தது. விரித்த சாக்கைக் கண்டு இன்னும் சினந்த கோழி, பாயையும் பகைவர் பட்டியலில் சேர்த்து முழங்காலில் கொத்தியது. சாக்கு ஒருபக்கம் பறக்க, பாய் சுல்தானை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி நின்றார். கோழி முதல் படியில் காவல் நின்றது. பாயின் தோளில் முகம் புதைத்திருந்த சுல்தான் குஞ்சுகள் இருக்கும் திசையையே பார்க்கவில்லை.

நசீமா அக்கா கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறி மடித்தார்.

"சொல்லுங்க, இப்ப அஞ்செட்டி பஸ்ல யாரை ஏத்துறது?"

பூனையும் குஞ்சும் ஒரே வீட்டில் தாராளமாக வாழலாம். தாய்க்கோழி அனுமதித்தால் மனிதர்களும் கூட இருந்துகொள்ளலாம்.