ஜெர்மனிக் கூட்டத்தில் ஒரு மஞ்சப்பை

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டாம் வருஷம், நான் மேற்கு ஜெர்மனியில் தொலைந்துபோனேன். அதுவும் பட்டப்பகலில், ஒரு கால்பந்து மைதானத்து வாசலில்!

என் கணவரை அவருடைய கம்பெனி ஒரு வருஷப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். எனக்குப் பிறந்த ஊர் திருவண்ணாமலை, அவருக்கு அதன் பக்கத்திலேயே இருக்கும் கீழ்பென்னாத்தூர். போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் சனிக்கிழமை மேட்சுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். தூறலுக்குக் குடையும் பசிக்குப் புளிசாதமும் எடுத்துக்கொண்டேன். புளிசாதம் இருந்தது எங்கள் ஊர் ஜவுளிக்கடை மஞ்சப்பையில்.

நாங்கள் போன பக்கத்தில் உட்கார நாற்காலியே கிடையாது. படிப்படியான சிமெண்ட் திட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். உள்ளூர் அணியின் ஆட்களுக்குக் கழுத்தில் சிவப்புத் துண்டு. எதிர்ப்பக்கம் வெளியூர்க்காரர்கள், மஞ்சள் துண்டு, மஞ்சள் கொடி. மேளம், ஊதல், பாட்டு! உள்ளூர் அணி ஒரு கோல் போட்டதும் பக்கத்தில் நின்ற பெரியவர் என் கணவரைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டார். தன் கழுத்துத் துண்டையும் என் கணவருக்கே போட்டுவிட்டார். ஆட்டம் ஒன்றும் புரியாமலே நானும் புடவையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். மலை உச்சியில் தீபம் ஏறும்போது எங்கள் ஊருக்கு வருமே ஒரு சிலிர்ப்பு, அதேதான். கடைசியில் ஜெயித்தது என்னவோ மஞ்சள் அணி.

கிளம்பும்போது கணவர், "கூட்டம் ஜாஸ்தி, கைய வுட்டுடாத" என்றார்.

"தீபத்துக் கூட்டத்துலயே வளந்தவ நானு. இதெல்லாம் எனக்குக் கம்மிங்க" என்று கையை உதறினேன். அந்த வாய்க்கொழுப்புக்குப் பலன் உடனே கிடைத்தது. பின்னாலிருந்து ஒரு தள்ளு. திரும்பினால் அவரைக் காணோம்.

அப்போதும் நான் பயப்படவில்லை. எங்கள் ஊரில் தேர் அன்று மாட வீதியில் கூட்டம் தள்ளினால் எதிர்த்து நிற்க மாட்டோம். அதன் போக்கிலேயே போனால் கோயிலைச் சுற்றிக் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். ஜெர்மனிக் கூட்டமும் அப்படிச் சுற்றி வரும் என்று நம்பிப் போனேன். அதுவோ சுற்றவே இல்லை! நேராகப் போனது. ஒரு கேட்டைத் தாண்டியது, இன்னொன்றைத் தாண்டியது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் மஞ்சள் துண்டுகள், எதிரே வெளியூர் பஸ்கள்.

அங்கேதான் பயம் பிடித்தது. பாஷை தெரியாது. வீட்டு விலாசம் அவர் சட்டைப்பையில். அவர் கண்ணில் படாவிட்டால் நான் எங்கே போவேன்?

என் புகுந்த வீட்டுப் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. தீபத்துக்குக் குடும்பத்தோடு வரும்போது யாராவது பிரிந்துவிட்டால் தேடி அலையக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, குடை நுனியில் பையை மாட்டி உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். புளிசாதப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மஞ்சப்பையைத் தூக்கிப் பிடித்தேன்.

அவ்வளவுதான், புடவை கட்டிய ஒருத்தி தங்கள் அணிக்குக் கொடி பிடிக்கிறாள் என்று நினைத்து ஒரு பெரும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டு பாட ஆரம்பித்தது! எனக்கோ அழுகை முட்டியது. தாலியை எடுத்துக் காட்டினேன், புரியவில்லை. நெட்டையான ஒரு மீசைக்காரரின் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைச் சுட்டிக்காட்டி, கூட்டத்தைக் காட்டி, கையை விரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, பஸ்ஸைக் கிளம்பவிடாமல் படியில் ஏறி நின்று குடையை வாங்கி உயர்த்தினார்.

ஆனால் அத்தனை மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் என் பை எப்படித் தெரியும்? வேறு வழி தோன்றாமல் அடிவயிற்றிலிருந்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கத்தினேன்.

படியில் நின்ற மீசைக்காரரும், "அரோகரா!" என்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் அதையே திருப்பிக் கத்தினார்கள். அடுத்த பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. அந்த இடமே அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில், அந்தச் சத்தம் கேட்டு, சிவப்புத் துண்டோடு ஒருவர் வெளிறிப்போய் ஓடிவந்தார். மஞ்சள் கூட்டம் அவரைக் கேலி செய்துகொண்டே வழிவிட்டது.

"நான் அங்க செத்துப் பொழச்சேன். நீ இங்க தீபம் நடத்திக்கினு இருக்கியா?" என்றார் என் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வெட்கம் பார்க்காமல் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மீசைக்காரர் மஞ்சப்பையைத் தனக்கு வைத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார். கொடுத்துவிட்டேன், புளிசாதத்தையும் சேர்த்து. பதிலுக்குத் தன் துண்டை எனக்குப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். வளைவு திரும்பும்வரை ஜன்னல் வழியே எங்கள் ஊர் ஜவுளிக்கடை விளம்பரம் ஆடிக்கொண்டே போனது.

இப்போதும் தீபத்தன்று எங்கள் வீட்டுக் குடை நுனியில் கட்டுவது அந்த மஞ்சள் துண்டைத்தான். கூட்டத்தில் யாராவது திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால், அவர்களுடைய ஆள் வந்து சேரும்வரை நான் அங்கிருந்து நகருவதில்லை. அர்த்தமே தெரியாத ஒரு வார்த்தையை எனக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர்களுக்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.