நெஞ்சுவலி அண்ணனின் பதினோரு வருட சர்வீஸ்

மருத்துவக் கல்லூரி வாசலுக்கு எதிரே பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவரை, சாவிக்காரர் என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. நெஞ்சுவலி அண்ணன் என்று கேட்க வேண்டும். அவருக்கு நெஞ்சுவலி வந்ததே இல்லை. பதினோரு வருடமாக, வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குள் போய், நெஞ்சுவலி வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வெளிமாநிலப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க வருகிறார்கள். ஊர்ப் பேச்சு அவர்களுக்கு வராது. நிஜ நோயாளியிடம் பேசிப் பழக விட்டால் நோயாளி பயந்து எழுந்து போய்விடுகிறார். ஆகவே கல்லூரி, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஆளுக்கொரு வியாதியைப் பிரித்துக் கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தது. லாண்டரிக்காரருக்கு மூட்டுவலி, பேக்கரி அக்காவுக்குத் தலைசுற்றல், நம் ஆளுக்கு நெஞ்சுவலி. மூட்டுவலி எவனுக்கும் வரும், நெஞ்சுவலிக்கு ஒரு கௌரவம் உண்டு என்பது அவர் கட்சி.

யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மொழிப் பேராசிரியர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். “ஐயா, தங்களுக்கு எவ்விடத்தில் வலிக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். “நெஞ்சின் நடுவில் வலிக்கிறது. அது இடது கைக்குப் பரவுகிறது” என்று அண்ணன் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி என்று அதற்குப் பெயர். உலகத்தில் வலி வந்த எவனும் அப்படிப் பேசியிருக்க மாட்டான். அண்ணனோ ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார். எந்தப் பிள்ளையாவது தாளைத் தாண்டி, “நேத்து ராத்திரி தூங்குனீங்களா?” என்று அன்பாகக் கேட்டுவிட்டால் போச்சு. “அது பாடத்துல இல்ல தம்பி” என்று வாயை அடைத்துவிடுவார். ‘சிறந்த நோயாளி’ என்று கல்லூரி கொடுத்த சான்றிதழ் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர்கள் பாடத்தை மறந்துவிட்டார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் போலி நோயாளிகளை அவசரப் பிரிவுக்கே அனுப்பிச் சோதிப்பார்கள். அப்படிப் போன ஒருநாள், ஒரு டாக்டர் வணக்கம் சொல்ல மறந்ததற்காக அண்ணன் மார்க்கைக் குறைத்துவிட்டார். பாவம் அந்தப் பிள்ளை, மறுபடியும் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. கடையின் இன்னொரு பாதியில் தையல் மிஷின் போட்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. நெஞ்சு வலிக்குதா?”

“நெஞ்சுவலியப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? பதினோரு வருஷ சர்வீஸ்! இது தாடையில வலிக்குது. வயித்துக்கு மேல பிசையுது. இடது கைக்கு ஒண்ணுமே வரல. பல்லுவலியும் வாயுவும் ஒண்ணா வந்திருக்கு.”

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். ஷட்டரை இறக்கினாள், அவரை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

அவசரப் பிரிவில் நின்றது யார்? அதே டாக்டர். சூடு கண்ட பூனை அல்லவா, அண்ணனைப் பார்த்ததும் கோட்டைச் சரிசெய்துகொண்டது.

“வணக்கம் ஐயா. தங்களுக்கு எவ்விடத்தில் வலிக்கிறது?”

தாடை என்று சொல்லத்தான் அண்ணன் வாயைத் திறந்தார். பழகின வாய் கேட்டால்தானே? “நெஞ்சின் நடுவில் வலிக்கிறது. அது இடது கைக்குப் பரவுகிறது” என்று தானே ஓடிவிட்டது. டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. எந்தத் திரைக்குப் பின்னால் நின்று சோதிக்கிறார்கள் என்று ஒரு கண்ணால் தேடிக்கொண்டே, “வலி எப்போது தொடங்கியது ஐயா?” என்று அடுத்த கேள்விக்குப் போனார். அண்ணனின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்வைகூட வரவழைக்கிறாரே, என்ன நடிப்பு என்று டாக்டர் வியந்தார்.

அப்போதுதான் அண்ணனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. சாகப் போகிறோம், அதுவும் முழு மார்க்கோடு. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. “குத்துக்கல்லாட்டம் நின்னுகிட்டு என்னய்யா கேள்வி? தாடை வலிக்குது, வயித்தப் பிசையுதுன்னு இப்பதான் கடையில துடிச்சாரு. உன் வாயப் பாத்ததும் இந்த மனுஷன் கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்கிறாரு, நீ தலையாட்டுற! இவருக்கு ஏதாவது ஆச்சு, அந்த வெள்ளக் கோட்டோட உன்ன இதே கட்டில்ல கட்டிப் போடுவேன்!”

எந்தத் தாளிலும் யாரும் டாக்டரை ‘யோவ்’ என்று கூப்பிட்டதில்லை. ஆகவே இது நிஜம் என்று அவருக்கு உறைத்தது. பிறகு ஓடிய ஓட்டத்தைச் சொல்லி மாளாது. இதயக் குழாயில் அடைப்பு. கால் மணி நேரம் தாமதித்திருந்தால் சான்றிதழ் பக்கத்திலேயே அண்ணனின் படமும் தொங்கியிருக்கும்.

பேராசிரியர் செய்தி கேட்டு உருகிப்போனார். உருகி என்ன செய்தார்? புதுத் தாள் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, கட்டிலில் அண்ணன், பக்கத்து நாற்காலியில் ‘நோயாளியின் மனைவி’, சுற்றி ஆறு பிள்ளைகள்.

“அம்மா, தாங்கள் இப்போது திட்ட வேண்டும்” என்றான் ஒருவன் மரியாதையாக.

அவள் தாளைப் பார்த்தாள். ‘ஐயா, குத்துக்கல்லைப் போல் நின்றுகொண்டு ஏன் வினவுகிறீர்கள்?’ என்று அச்சாகியிருந்தது.

“இதுக்குப் பேரு திட்டா? எழுதுன மகராசனக் கூப்பிடுங்க, திட்டுன்னா என்னன்னு காட்டுறேன்” என்று ஆரம்பித்தாள். பேராசிரியரில் தொடங்கி, கல்லூரி, கட்டில், கட்டிய புருஷன் என்று ஒன்றையும் விடவில்லை. ஆறு பேனாக்களும் பறந்தன.

“கொஞ்சம் மெதுவா திட்டுங்கம்மா, எழுதிக்கிறோம்” என்று ஒரு பெண் கெஞ்சியது.

அந்தக் கலவரத்துக்கு நடுவே அண்ணன் பக்கத்தில் நின்ற பையனின் சட்டையை இழுத்தார். “தம்பி, ஒரு மாதிரியா மூச்சு வாங்குது. கொஞ்சம் தண்ணி குடு.”

பையன் தாளை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினான். பிறகு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் போல அத்தனை சரளமாகச் சொன்னான்:

“அது பாடத்துல இல்ல அண்ணே.”