பன்னிரண்டு குடம் மழை

கள்ளக்குறிச்சி அருகே எங்களுடையது தகரக் கூரை போட்ட மண்சுவர் வீடு. மழை வந்தால் கூரையோரம் வைக்கும் பன்னிரண்டு குடமும் நிறைந்துவிடும். தண்ணீர் சுமந்து அலுத்துப்போய், அதே கணக்கில் இருநூறு லிட்டர் டிரம் வாங்கிச் சுவரோரம் வைத்து, கூரைத் தண்ணீர் முழுவதையும் அதில் விட்டேன்.

அடுத்த மழையில் டிரம் வழிந்து சுவரின் அடியைக் கரைத்தது. மொண்டு ஊற்ற மகளைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து வந்ததும், அதுவரை அவள் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்த சுவர் விழுந்தது.

சுவரை மறுபடி எழுப்ப வந்த கொத்தனார் கேட்டார்: "இன்னா கணக்குல டிரம் வச்சீங்க?"

"பன்னெண்டு கொடம் ரொம்பும்ங்க."

"ரொம்பி வழிஞ்சிக்கினு இருந்துச்சே, அத எண்ணலியா?"

இப்போது வீட்டின் நீள அகலத்தை மீட்டரில் பெருக்கி, மழையின் மில்லிமீட்டராலும் பெருக்குகிறேன். வருவது லிட்டர். ஐந்துக்கு நான்கு மீட்டர் வீட்டுக்கு, ஐம்பது மில்லிமீட்டர் மழையில் ஆயிரம் லிட்டர். டிரம்மையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டேன்.

மகள் இன்னும் எந்தச் சுவரிலும் சாய்வதில்லை.