கண்ணுக்காகக் கழித்த ராத்தல்

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அவள் அண்ணன் துபாயிலிருந்து குழந்தையை நிறுக்கும் மெஷின் ஒன்று அனுப்பியிருக்கிறான். பார்க்கப் பெரிய தாம்பாளம் மாதிரி இருக்கிறது. பேட்டரி போட்டால் சிவப்பில் எண் எரியும். குழந்தை காலை உதைக்க உதைக்க எண்ணும் ஏறி இறங்கும். மூன்று தரம் நிறுத்தால் மூன்று எடை. நேற்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். எண் ஒருவழியாக நின்றதும், சமையலறையில் இருந்த புருஷனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள் பாருங்கள், எனக்குத் திக்கென்றது. வாசல் கதவு வேறு திறந்து கிடந்தது. குழந்தையின் எடையை இப்படியா ஊருக்குச் சொல்வார்கள்?

அங்கே கமகமத்த பவுடர் வாசனைக்கு நடுவே எனக்கு எங்கிருந்தோ வசம்பு வாசனை வந்தது. மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் நான் மருமகளாகப் போன வீட்டில் வசம்பும் ஓமமும் மாமனாரின் மூக்குப்பொடியும் கலந்து ஒரு வாசனை எப்போதும் உண்டு. என் மூத்தவன் அதில்தான் வளர்ந்தான். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்தது. பூனைக்குட்டி போலப் பிறந்தான். பிரசவம் பார்க்க வந்த லேடி டாக்டர், வாராவாரம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும், எடை ஏறாவிட்டால் தாய்ப்பால் போதவில்லை என்று அர்த்தம், வேறு பால்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மாதம் ஆகிக் கோயிலுக்குப் போகும்வரை எங்கள் வீட்டுக் குழந்தை வாசற்படி தாண்டாது என்றாள் மாமியார். ஆகவே வீட்டிலேயே நிறுப்பது, எடையை மட்டும் மாமியார் போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

நிறுக்கும் பொறுப்பை மாமனார் எடுத்துக்கொண்டார். ஆயுசு முழுக்கச் சர்க்கார் ஆபீசில் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்து ஓய்வு பெற்றவர். பிடிக்கப் பிழையில்லாமல் வீட்டில் தவித்துக்கொண்டிருந்தார். சாலைக் கடைத்தெருவில் பருப்புக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரிடம் தராசும் படிக்கற்களும் இரவல் வாங்கி வந்து, கூடத்தில் ஊஞ்சல் கொக்கியில் மாட்டினார். எந்தக் கிழமை நிறுப்பது என்பதற்கே ஒரு நாள் போயிற்று. செவ்வாய் வெள்ளி கூடாது, சனி ஆகவே ஆகாது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று கடைசியில் புதனைப் பிடித்தார்கள்.

அவர் நிறுக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானே கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று என்னை உள்ளேயே இருத்திவிடுவார்கள். குழந்தையைச் சுற்றிய துணிக்குத் தனி எடை, அரைஞாணுக்குத் தனி எடை, கறுப்பு வளையலுக்குத் தனி எடை. எல்லாவற்றையும் கூட்டிக் கழிப்பார். மூக்குப்பொடி மட்டையைக்கூட இடுப்பிலிருந்து எடுத்து அப்பால் வைத்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். அது எந்தத் தட்டில் ஏறப்போகிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு மாமியார் உள்ளே வந்து என்னிடம் எடையைச் சொல்வாள். முதலில் கொஞ்சம் ஏறிற்று, மூன்றாம் மாதம் பத்து ராத்தலில், அதாவது நாலரைக் கிலோவில், நின்றுவிட்டது. பத்து ராத்தல். அடுத்த புதனும் பத்து ராத்தல். அதற்கடுத்த புதனும் அதேதான்.

எனக்குப் பூண்டும் சுக்கும் பாகுமாக ஊட்டினார்கள். பிள்ளை பெற்றதற்குத் தண்டனை மாதிரி தின்றேன். எடை நகரவில்லை. ஆனால் தூக்கினால் இடுப்பு கடுக்கிறதே, தொடையில் மடிப்பு விழுகிறதே என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பா நிறுத்தாத் தப்பாறதா? உனக்குக் கை க்ஷீணமாக்கும்," என்றார். இடுப்பைச் சொன்னால் கைக்கு வைத்தியம். அவரும் கணக்கு ஆபீஸ்தான்.

லேடி டாக்டர், இனித் தாமதிக்க வேண்டாம், டின் பால் கொடுங்கள் என்றாளாம். எந்தப் பசுவோ, யார் கறந்ததோ என்று மாமியார் அதை ஒதுக்கிவிட்டாள். நாகர்கோவிலில் என் நாத்தனாருக்கு அப்போது கைக்குழந்தை. "கொழந்தைய அவகிட்ட விட்டுடலாம். அங்க பாலுக்குப் பஞ்சமில்லை," என்றாள். சாப்பாட்டு வேளையில், மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஆறாம் மாதம் கதலிப்பழத்தில் துலாபாரம் செய்வதாக வேண்டிக்கொள்வது, அதற்கும் எடை ஏறாவிட்டால் நாகர்கோவில் வண்டி. ராத்திரியெல்லாம் அவனை மார்பை விட்டு இறக்காமல் கிடந்தேன். என் பால் விஷமோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

துலாபார நாள் வந்தது. பத்து ராத்தலுக்குக் கொசுறும் சேர்த்து என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவிலிருந்து பழம் வாங்கி வந்திருந்தார். கோயில் தராசின் ஒரு தட்டில் பட்டு விரித்து அவனை உட்கார்த்தினார்கள். மறு தட்டில் பழத்தை அடுக்கினார்கள். எல்லாம் ஏற்றியாயிற்று. பிள்ளை இருந்த தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை. அவன் பட்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். "போரா, இனியும் வேணம்," என்றார் கோயில்காரர், பழம் போதாது, இன்னும் வேண்டும் என்று.

தராசில் கோளாறு என்றார் என் வீட்டுக்காரர். சாமி தராசைச் சந்தேகப்படுகிறாயா என்று கூட்டத்தில் யாரோ அதட்டினார்கள். மாமனார் தூணோரம் நின்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல முனகினார்.

"கண்ணு படுமேன்னு நான் ரெண்டு ராத்தல்தானே கழிச்சேன்?"

மாமியார் திரும்பினாள். "நீங்களும் கழிச்சேளா?"

விஷயம் இவ்வளவுதான். வளையல் எடைவரை பார்த்து நிறுத்துவிட்டு, கண்ணேறுக்குப் பயந்து கொஞ்சம் குறைத்து மனைவியிடம் சொல்லுவார் அவர். அவள் தன் பங்குக்கு இன்னும் குறைத்து எனக்கும் டாக்டருக்கும் சொல்லுவாள். பிள்ளை கொழுக்கக் கொழுக்கப் பயமும் கூடியது, கழிவும் கூடியது. கழித்ததை வெளியே சொன்னால் பலிக்காதாம், அதனால் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. அந்தப் பொய்யைக் காக்கப் பிள்ளையை நாகர்கோவிலுக்கு அனுப்பவும் துணிந்திருந்தாள் மாமியார்.

என் வீட்டுக்காரர் இன்னொரு குலைப் பழத்துக்காகச் சைக்கிளில் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அல்ல, கோபத்தில். அப்படியானால் நாகர்கோவிலுக்கு அனுப்ப வேண்டாமே என்று மட்டும் மாமியாரிடம் கேட்டேன். "எதுக்கு? பகவான்தான் ஒரே நாள்ல எடையைக் குடுத்துட்டாரே," என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் தேடப் போனாள்.

தெருவில் அதுவே பேச்சாயிற்று. பத்து ராத்தல் குழந்தை தட்டில் உட்கார்ந்ததும் பதினைந்தானதாம். எங்கள் வீட்டுக்குப் பெயர், கோயிலுக்குப் பெயர், பழக்கடைக்காரனுக்குக்கூடப் பெயர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நான் வெகுகாலம் காத்திருந்தேன். மாமனார் போய்விட்டார். மாமியார் கடைசி வருஷங்களில் என் கையால்தான் கஞ்சி குடித்தாள், அப்போதும் சொல்லவில்லை. வீட்டை விற்றாயிற்று, அந்த இடத்தில் ஒரு லாட்ஜ் நிற்கிறது. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பிள்ளைக்குத் தலை நரைத்தாயிற்று. இன்றைக்கும் யாரைக் கண்டாலும், "நான் துலாபாரக் குழந்தையாக்கும்," என்று பெருமையடிக்கிறான். உன் பால்தானடி அவனை வளர்த்தது என்று எனக்குச் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர்கூட இப்போது மிச்சமில்லை.